வயல்ல நிக்கற தண்ணியும் வானத்துக்குப் போற வாயுவும்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இதே பக்கத்துல, நெல் வயல்ல இருந்தும் பூமியச் சூடாக்கற வாயு போகுதுன்னு ஒரு பதிலுக்கு நடுவுல ரெண்டே ரெண்டு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜும் இந்தத் தடவ மத்த கேள்வி எதுக்கும் எடம் வெக்கல. சில பேரு கோவமாவே கேட்டிருக்கீங்க, அந்தக் கோவம் எனக்கு நல்லாவே புரியுது, அதனால இந்த மாசம் பூரா இதுக்கே. கேரளா பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூக்கா ஆளுங்க கடிதம்தான் அதிகம், ஆந்திரா எல்லைப் பக்கமிருந்தும் ஒண்ணு வந்திருக்கு.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அண்ணா, என் பொண்ணு ஒன்பதாவது படிக்கறா. நெல்லு வெளைய வெச்சா உலகம் சூடாகுதுன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. வீட்டுக்கு வந்து "அப்பா நீயும் காரணமா"ன்னு கேக்கறா. புகையே வராத வயல்ல இருந்து என்னதாண்ணா போகுது?

பதில்: பொண்ணு சொன்னது தப்பில்லைங்க, ஆனா ஸ்கூல்ல பாதிதான் சொல்லியிருக்காங்க. மிச்சத்த நீங்களே அவளுக்குக் காட்டலாம். நட்டு ஒரு மாசம் ஆன வயலா, நாலஞ்சு நாளா தண்ணி அசையாம நிக்கற எடமாப் பாத்து, வெயில் ஏறினதுக்கு அப்பறம் அவளையும் கூட்டிட்டு எறங்குங்க. கால் சேத்துல அமுங்கறப்ப கணுக்காலச் சுத்தி மொளுக் மொளுக்குன்னு கொப்புளம் கெளம்பும், அடிச்சேறு கருகருன்னு மேல வரும், அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை அடிக்கும். அந்த வாடை வேற வாயுவோடது, மீத்தேனுக்கு வாடையே கெடையாது, ஆனா ரெண்டும் வர்றதுக்குக் காரணம் ஒண்ணுதான். மேல தண்ணி மூடியிருக்கறதால மண்ணுக்குள்ள காத்து போறதில்ல, இருக்கற ஆக்சிஜனும் சில நாள்லயே தீந்துடுது, அதுக்கப்பறம் காத்தே வேண்டாத ஒரு வகை நுண்ணுயிர் தலையெடுத்து, போன போகத்துத் தாளு, வேரு, நாம போட்ட எருன்னு எல்லாத்தையும் தின்னுட்டு மீத்தேன விடுது. கோபர் கேஸ் தொட்டிக்குள்ள நடக்கறது என்னவோ அதேதாங்க வயல்லயும் நடக்குது, மேல மூடி மட்டும்தான் இல்ல.

இன்னொண்ணு கேட்டா பொண்ணு ஆச்சரியப்படுவா. நீங்க பாக்கற கொப்புளத்துல போறது கொஞ்சம்தான். பெரும்பங்கு, சுமார் 90 சதவீதம் வரைக்கும், நெல்லுப் பயிர் வழியாவே போகுது. நெல்லுத் தண்டுக்கும் வேருக்கும் உள்ள காத்து போறதுக்கு ஓட்டை இருக்கும், தண்ணிக்குள்ள நின்னாலும் வேரு மூச்சு விடறது அதனாலதான், அதே ஓட்டை வழியா கீழ இருக்கற மீத்தேன் மேல ஏறி வெளிய போயிடுது. நூறு வருஷக் கணக்குல பாத்தா ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாச் சூடாக்கும். ஆனா அது வானத்துல தங்கறது சுமார் 12 வருஷம்தான், அதனால இன்னைக்கு மீத்தேனக் கொறைச்சா பலன் நம்ம ஆயுசுலயே தெரியும், கார்பன் டை ஆக்சைடு மாதிரி பேரன் காலம் வரைக்கும் காத்துட்டு இருக்க வேண்டியதில்ல.

இப்ப "நீயும் காரணமா"ங்கற கேள்விக்கு வரேன். இந்தியா ஐ.நா.வுக்குக் குடுத்த கணக்குல 2016-ஆம் வருஷத்துக்கு, நாடு மொத்தமா விட்ட வாயுவுல விவசாயத்தோட பங்கு சுமார் 14 சதவீதம். கரன்ட், பெட்ரோல், டீசல்னு எரிசக்தி மட்டும் 75 சதவீதம். அந்தப் பதினாலுக்குள்ள பாதிக்கு மேல, அதாவது சுமார் 54 சதவீதம், மாடு எருமை வயித்துல இருந்து வர்றது, ஒரத்தால மண்ணுல இருந்து வர்றது 19, நெல் வயலு 17 சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்க, நாட்டுல 4 கோடி ஹெக்டேருக்கு மேல நெல்லு நட்டு, இத்தன கோடி சனத்துக்குச் சோறு போட்டு, மொத்தத்துல ரெண்டரை சதவீதம்தான் வயலுக் கணக்குல வருது. இதுல ஒரு விஷயத்த மறைக்கக் கூடாது: யூரியா தயாரிக்கற ஃபேக்டரி விடற புகையும், நம்ம பம்பு மோட்டாருக்கு வர்ற கரன்ட்டோட புகையும் விவசாயக் கணக்குல சேராது, வேற தலைப்புல போயிடுது, அதையும் சேத்தா நம்ம பங்கு கொஞ்சம் ஏறும். ஆனாலும் ஏசி ஓடற வீட்டுக்கும் ரெண்டு ஏக்கர் நெல்லுக்கும் ஒரே பேரு வெச்சு "நீயும் காரணம்"னு ஒரு புள்ளைகிட்ட சொல்றது எனக்குச் சம்மதமில்ல. கொறைக்க முடியுமான்னு கேட்டா முடியும்ங்க, அதுவும் நம்ம கைக்காசும் தண்ணியும் மிச்சமாகற மாதிரியே முடியும், அத அடுத்த கேள்வில பாருங்க.

கேள்வி (வண்டித்தாவளம்): கிருஷி பவன்ல, அதான் நம்ம வேளாண்மை ஆபீஸ்ல, ஒரு ட்ரெய்னிங் வெச்சாங்க. வயல்ல எப்பவும் தண்ணி நிறுத்தாதீங்க, விட்டு விட்டுக் காயப் போடுங்கன்னு சொன்னாங்க. வீட்டுல வந்து சொன்னா எங்க மாமனாரு ஒரே சத்தம். "வயலு வெடிச்சா வருஷமே போச்சு"ங்கறாரு. யாரு சொல்றதக் கேக்கறது?

பதில்: ரெண்டு பேரும் சொல்றது சரிதாங்கம்மா, அதுதான் இதுல கஷ்டமே.

ட்ரெய்னிங்ல சொன்ன முறை பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல வருஷம் சோதிச்சுப் பாத்து சொன்னது. ஒரு அடி நீளத்துக்கு பிளாஸ்டிக் பைப்பு ஒண்ணு, உள்ள எட்டிப் பாத்தா தெரியற மாதிரி நாலு விரக்கடைக்கு மேல அகலம் இருக்கணும், அதோட கீழ் பாதில சுத்திலும் ஓட்டை போட்டு, பாதி மண்ணுக்குள்ள பாதி வெளியன்னு வயல்ல வரப்போரமா நட்டு வெச்சு, உள்ள இருக்கற சேத்தக் கையால வாரி எடுத்துடணும். அவ்வளவுதான் கருவி, பழைய துண்டுப் பைப்பு கெடைச்சா செலவே இல்ல. நட்டு ரெண்டு வாரம் போனதுக்கப்பறம் தண்ணி தானா வத்தட்டும்னு விடறது. மேல பாத்தா வயலு காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா பைப்புக்குள்ள எட்டிப் பாத்தா கீழ தண்ணி நிக்கும், பயிரோட வேரு அதக் குடிச்சிட்டு இருக்கும். பைப்புக்குள்ள தண்ணி மண்ணு மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழ, அதாவது பைப்போட அடி வரைக்கும் எறங்கினதும் மறுபடி ரெண்டு அங்குலம் பாய்ச்சணும். பூ எடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னயும் பின்னயும் மட்டும் காயவே விடக் கூடாது, அப்ப காஞ்சா பதராப் போயிடும். இந்த மாதிரி போகத்துல ஒரு தடவ காயவிட்டாலே மீத்தேன் சுமார் மூணுல ஒரு பங்கு கொறையுது, பல தடவ காயவிட்டா கிட்டத்தட்டப் பாதி. மண்ணுக்குள்ள காத்து போனதும் அந்த நுண்ணுயிர் அடங்கிடுது, வேற காரணம் ஒண்ணும் இல்ல. பாய்ச்சற தண்ணியும் கால் பங்குக்கு மேல மிச்சம் பிடிக்கலாம்.

இனி மாமனாரு சொல்றதுக்கு வாங்க. மூணு வருஷம் முன்ன ரெண்டாம் போகத்துல என் வயல்ல முக்கால் ஏக்கர்ல இதச் செஞ்சேன். மொதல் தடவ காய விட்டப்ப எல்லாம் சொன்ன மாதிரியே நடந்துச்சு, நாத்து நல்லா தூரு கட்டிச்சு, பாக்கறவங்க எல்லாம் கேட்டுட்டுப் போனாங்க. ரெண்டாவது தடவ பைப்புல தண்ணி அடிக்கு எறங்கிடுச்சு, நான் மடையத் தொறக்கப் போறேன், கால்வாய்ல தண்ணி இல்ல. மொறை மாத்திட்டாங்க, நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு ஒம்பது நாள் போச்சு. எங்களுது கடைமடை. வயலு விரலு நுழையற அளவுக்கு வெடிச்சுது, வெடிப்புக்குள்ள களையும் பூந்துடுச்சு, தண்ணி வந்தப்பவும் வெடிப்பு வழியா எறங்கி ஓடிப் போச்சே தவிர நிக்கல. அறுப்புல அந்த முக்கால் ஏக்கர்ல நாலு மூட்டை கொறைச்சல். பக்கத்து வயல்ல எப்பவும் போல முழங்கால் வரைக்கும் தண்ணி கட்டி வெச்சிருந்தவங்களுக்கு ஒரு சேதமும் இல்ல. அடுத்த வருஷம் கெணத்துத் தண்ணி எட்டற வயல்ல அதே முறையில செஞ்சேன், வெளைச்சல் ஒரு மூட்டை கூடக் கொறையல, மோட்டாரு ஓடற நேரம் நல்லாவே கொறைஞ்சுது.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு வெளங்கிச்சு. நம்ம ஆளுங்க வயல்ல தண்ணிய நெறச்சு வெக்கறது அறியாமையால இல்ல, பயத்தால. அடுத்த தண்ணி எப்ப வரும்னு தெரியாதவன் கையில கெடைச்ச தண்ணிய எப்படிக் காய விடுவான்? வரப்ப ஒசத்திக் கட்டி, வந்தத வயல்லயே சேத்து வெக்கறான், வயல்தான் அவனுக்கு டேங்கு. 1970-ல கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவுல அளந்து வாங்கற ஊரு நம்ம சித்தூர், ஒவ்வொரு வருஷமும் அந்தத் தண்ணிக்கு எத்தன பேச்சுவார்த்தை நடக்குதுன்னு உங்க மாமனாரு கண்ணால பாத்திருப்பாரு. அவரு பேசறது அந்த அனுபவம். அதனால நான் கேக்கறது இதுதான்: விவசாயியக் கூப்பிட்டு உக்கார வெச்சு வயலக் காயப் போடுன்னு ட்ரெய்னிங் குடுக்கறதுக்கு முன்ன, எந்த மடைல எந்தத் தேதில தண்ணி வரும்னு ஒரு பேப்பர்ல எழுதி பாடசேகர சமிதி (நெல் விவசாயிங்க சங்கம்) சொவத்துல ஒட்டுங்க, ஒட்டின தேதில தண்ணி விடுங்க. அது நடந்தா பாதி மீத்தேன் யாரும் சொல்லாமலே கொறஞ்சிடும். உங்க வயலுக்குக் கெணறோ போர்வெல்லோ இருந்தா இந்தப் போகமே கால் ஏக்கர்ல செஞ்சு பாருங்க, மாமனாரையே தெனம் பைப்புக்குள்ள எட்டிப் பாக்கச் சொல்லுங்க. கால்வாய மட்டும் நம்பற வயலா இருந்தா அவரு பேச்சக் கேளுங்க, இதுல எனக்கு ரெண்டு மனசு இல்ல.

நம்ம பக்கத்துல ஒண்ணாம் போகத்துக்கு கோடை மழைல புழுதி உழவு ஓட்டி பொடி விதை போடற வழக்கம் ஒண்ணு இருக்குல்ல, அதுலயும் மொத ஒரு மாசம் வயல்ல தண்ணி நிக்கறதில்ல, அதனால மீத்தேனும் கொறைவுதான். களைதான் பிரச்சனை, அதுலயும் நெல்லு மாதிரியே இருக்கற வரிநெல்லுங்கற களை வந்துட்டா பயிரு எது களை எதுன்னே தெரியாது, கதிர் வந்து கொட்டினதுக்கு அப்பறம்தான் தெரியும். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பல பேரு மறுபடி நடவுக்கே போயிட்டாங்க.

கேள்வி (மீனாட்சிபுரம்): ஏக்கருக்கு ரெண்டு மூட்டை யூரியா போடறேன், பயிரு கருகருன்னு நிக்குது. இதுலயும் கார்பன் இருக்குதுங்களா?

பதில்: இருக்குதுங்க, ரெண்டு மூணு எடத்துல இருக்கு. யூரியாவ இயற்கை எரிவாயுவுல இருந்துதான் தயாரிக்கறாங்க, அங்கயே ஒரு பங்கு புகை போயிடுது. நீங்க வயல்ல போட்டதும் அது கரைஞ்சு பிரியறப்ப, ஒரு 45 கிலோ மூட்டைக்கு 33 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும். இதெல்லாம் பரவால்ல. பெரிய விஷயம் யூரியால இருக்கற தழைச்சத்துல, அதாவது நைட்ரஜன்ல, ஒரு சின்னப் பங்கு நைட்ரஸ் ஆக்சைடா மாறிப் போறது. அது கார்பன் டை ஆக்சைடு மாதிரி 270 மடங்குக்கு மேல சூடாக்கற வாயு. மேட்டு நெலத்துல, சோளமோ காய்கறியோ போடற காட்டுல, ஒரு மூட்டை யூரியாவுல இருக்கற சுமார் 21 கிலோ தழைச்சத்துல நூத்துல ஒரு பங்குதான் அப்படிப் போகுதுன்னு வெச்சாக் கூட, அது 90 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். தண்ணி நிக்கற நெல் வயல்ல இந்தப் பங்கு கொறைவு, அங்க மீத்தேன்தான் கணக்கு.

இங்க ஒரு எடக்கு இருக்கு, முந்தின பதிலப் படிச்சவங்க கவனிச்சுக்குங்க. வயலக் காயப் போட்டா மீத்தேன் கொறையும், ஆனா காஞ்சு நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு வர்ற மண்ணுலதான் நைட்ரஸ் ஆக்சைடு அதிகம் கெளம்பும். அதனால யூரியாவ எப்ப போடறோம்ங்கறதுதான் முக்கியம். வயலு காஞ்சிருக்கறப்ப போட்டுட்டு ஒடனே தண்ணி பாய்ச்சுங்க, ஒரம் தண்ணியோட வேருக்கு எறங்கிடும். தண்ணி நிக்கறப்ப மேலால வீசினா பாதிக்கு மேல ஆவியாவும் வடிகாலுலயும் போயிடும். அப்பறம் நீங்க சொன்ன "கருகருன்னு"ங்கறது எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு, அது தேவைக்கு மேல தழைச்சத்து ஏறினதுக்கு அடையாளம், புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வர்ற பச்சை அது. இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு, பச்சைய வெளுப்புல இருந்து கரும்பச்சை வரைக்கும் வரிசையா அச்சடிச்சிருக்கற ஒரு பட்டை, வேளாண்மை ஆபீஸ்ல கேட்டாத் தருவாங்க. நல்லா விரிஞ்ச மேல் இலைய, நம்ம நெழலு அது மேல விழற மாதிரி நின்னுட்டு அட்டையோட ஒப்பிட்டுப் பாருங்க. அட்டை சொல்ற பச்சைய விட வெளுத்திருந்தா மட்டும் போடுங்க. 2015-ல இருந்து விவசாயத்துக்கு வர்ற யூரியா கிட்டத்தட்ட எல்லாமே வேப்பெண்ணெய் தடவினது, அது மெதுவாக் கரையும், அதனால பழைய அளவே போடணும்னு கட்டாயம் இல்ல.

கேள்வி (வேலந்தாவளம்): மெஷின் அறுப்பு முடிஞ்சதும் வயல்ல தாளு கெடக்குது. கட்டு கட்டற மெஷின் எங்க சின்ன வயலுக்கு வர மாட்டேங்குது. கொளுத்தறதா, உழுது மடக்கறதா?

பதில்: கொளுத்தாதீங்க. பஞ்சாப் ஹரியானால அக்டோபர் நவம்பர்ல நடக்கறது டிவில பாத்திருப்பீங்க. அங்க அவங்களும் வேணும்னு செய்யல, நெலத்தடித் தண்ணியக் காப்பாத்த நடவத் தள்ளி வெக்கணும்னு 2009-ல சட்டம் வந்துச்சு, நடவு தள்ளினதும் அறுப்பும் தள்ளிப் போச்சு, நெல்லு அறுத்துக் கோதுமை விதைக்க ரெண்டு மூணு வாரம்தான் மிச்சம், தீ வெக்கறதுதான் சுருக்கு வழின்னு ஆயிடுச்சு. நமக்கு அந்த அவசரம் இல்ல. மாட்டுக்குத் தீனி இல்லாம அலையற ஊருல வைக்கோலக் கொளுத்தறத எனக்குப் பாத்துட்டு இருக்க முடியல.

ஆனா மடக்கறதுலயும் ஒரு தப்பு நடக்குது. அறுத்த கையோட தண்ணி கட்டி, தாளோட சேத்து உழவு ஓட்டி, பத்து நாள்ல நடவு போட்டா, பச்சைத் தாளு பூரா தண்ணிக்கடில அழுகும், அது மீத்தேனுக்கு விருந்து மாதிரி. அதே தாள காஞ்ச மண்ணுல ஒரு மாசத்துக்கு முன்னயே மடக்கி மக்க விட்டுட்டா மீத்தேன் கிட்டத்தட்டப் பாதியாக் கொறைஞ்சிடும். வரப்போரத்துல குவிச்சு, சாணித் தண்ணி தெளிச்சு, மக்க வெச்சுக் கொண்டு வந்து போட்டா இன்னும் கொறைவு. ரெண்டாம் போகம் அறுத்ததும் கோடைல வயலு சும்மாதான கெடக்குது, அப்ப மடக்கிடுங்க. சின்ன வயலுக்கு மெஷின் வரலன்னா, பக்கத்துல நாலு பேரு சேந்து ஒரே நாள்ல கூப்பிட்டுப் பாருங்க, நாலு ஏக்கர் சேந்தா வருவாங்க.

கேள்வி (எருத்தேம்பதி): எனக்கு ரெண்டு மாடுதானுங்க. அதுல ஒண்ணு கறவை. மாடுதான் பெரிய காரணம்னு டிவில சொல்றதக் கேட்டதுல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு.

பதில்: அக்கா, மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க. மாடு அசை போடறப்ப மொத வயித்துல தீனி புளிச்சு மீத்தேன் உண்டாகி, ஏப்பமா வாய் வழியா வெளிய வருது, அது மாட்டோட பொறப்பு. 2019 கால்நடைக் கணக்கெடுப்புல நாட்டுல பசு எருது 19 கோடிக்கு மேல, எருமை கிட்டத்தட்ட 11 கோடி, அத்தனையும் சேத்துதான் அந்தப் பெரிய எண்ணு வருது. அதுல உங்க ரெண்டு மாடு உங்க வீட்டுப் பாலு, புள்ளைங்க பீஸு, காட்டுக்கு எரு.

செய்யக் கூடியது என்னன்னா, வெறும் வைக்கோல் மட்டும் தின்னற மாடுதான் ஒரு லிட்டர் பாலுக்கு அதிகம் மீத்தேன் விடுது, ஏன்னா செரிக்கறதுக்குக் கஷ்டமான நாரு அது. கூடவே கொஞ்சம் பச்சைத் தீவனம், அகத்தி, வேலிமசால், சூபாபுல், ஒரு பிடி புண்ணாக்கு, தாது உப்பு சேந்தா அதே ஏப்பத்துக்குப் பாலு கூடும். பெங்களூர்ல இருக்கற கால்நடைத் தீவன ஆராய்ச்சி நிலையம் துவர்ப்புச் சத்துள்ள செடிங்கள வெச்சு ஹரித் தாரான்னு ஒரு தீவனக் கலவை கண்டுபிடிச்சிருக்காங்க, மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரைக்கும் கொறையுதுன்னு சொல்லியிருக்காங்க. சாணிய மட்டும் குழில தண்ணியோட தேங்க விடாதீங்க, அதுவும் மீத்தேன்தான். ரெண்டு மாட்டுச் சாணில ஒரு சின்ன கோபர் கேஸ் ஓடும், அதே மீத்தேன் அடுப்புல நீல நெருப்பா எரிஞ்சு உங்க காலைக் காப்பியப் போட்டுக் குடுக்கும், கழிவு தென்னைக்குப் போகும்.

கேள்வி (சித்தூர்): வயல்தான் மீத்தேன் விடுதுன்னா, மண்ணு கொட்டி நெரப்பித் தென்னை வெச்சுட்டா நல்லதுதான?

பதில்: இல்லைங்க. இந்த வாதத்த யாராவது சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேன். 1970-கள்ல கேரளால 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல இருந்த நெல் வயலு இப்ப 2 லட்சத்துக்கு வந்து நிக்குது, நெரப்பி நெரப்பி வெச்சது இந்தக் கதிக்கு ஒரு பெரிய காரணம். மழைத் தண்ணிய நிறுத்தி மண்ணுக்குள்ள எறக்கறது வயல்தான், வயலு போன ஊருல கெணறு ஏப்ரல்ல வத்திடுது. லாரி லாரியா மண்ணு வெட்டிக் கொண்டு வர்ற டீசலு, குன்ன இடிக்கறது, அப்பறம் நமக்கு வேண்டிய அரிசி ஆந்திராவுல இருந்து லாரில வர்றது, அந்த அரிசியும் எங்கயோ ஒரு தண்ணி நிக்கற வயல்லதான வெளைஞ்சிருக்கும். மீத்தேன் எடம் மாறிச்சே தவிரக் கொறையல. அதோட 2008-ல வந்த நெல்வயல் சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம். 2020-ல இருந்து வயல வயலாவே வெச்சிருக்கறவங்களுக்கு ஹெக்டேருக்கு 2000 ரூவா ராயல்டின்னு ஆரம்பிச்சாங்க, தொகை சின்னதுதான், ஆனா வயலுக்குன்னு ஒரு மதிப்பு இருக்குன்னு அரசாங்கம் ஒத்துக்கிட்டது பெரிய விஷயம்.

கேள்வி (நகரி, ஆந்திரா எல்லை): எங்க பக்கம் கரும்பு. வெட்டினதும் சோகைய, அதான் காஞ்ச கரும்பு எலைய, கொளுத்தறதுதான் வழக்கம். பக்கத்து மண்டலத்துல இயற்கை விவசாயம்னு கவர்மென்ட்டே சொல்லிக் குடுக்குது, நம்பலாமா?

பதில்: சோகையக் கொளுத்தாம ஒரு பாரு விட்டு ஒரு பாருல பரப்பி விடுங்க. வெட்டின தூருல இருந்து வர்ற மறுதாம்புக்கு ஈரம் நிக்கும், களை வராது, அந்த வித்தியாசம் மே மாச வெயில்ல உங்களுக்கே தெரியும். மேட்டு நெலத்துல பரப்பற சோகை மக்கினா மீத்தேன் கெளம்பற கவலையும் இல்ல, நெல் வயலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் இருக்கற வித்தியாசம் அதுதான்.

ஆந்திரா அரசாங்கம் ரைத்து சாதிகார சம்ஸ்தாங்கற அரசு நிறுவனம் மூலமா நடத்தற இயற்கை விவசாயத் திட்டத்துல எனக்குப் பிடிச்சது, மழைக்கு முன்னயே காஞ்ச மண்ணுல நவதானியம் கலந்து விதைச்சு, வருஷம் பூரா மண்ணு மேல ஏதாவது ஒரு பச்சை இருக்கற மாதிரி பாத்துக்கறது. அது நம்பக் கூடியதுங்க, வேரு இருக்கற வரைக்கும் மண்ணுக்குக் கார்பன் போயிட்டே இருக்கும். யூரியாவ ஒரே வருஷத்துல சுத்தமா நிறுத்தறதப் பத்தி மட்டும் நிதானமா யோசிங்க. இலங்கைல 2021-ல ஒரே உத்தரவுல ரசாயன உரத்த நிறுத்தினாங்க, சில மாசத்துலயே உத்தரவ வாபஸ் வாங்கினாங்க, ஆனாலும் நெல்லு வெளைச்சல் விழுந்துடுச்சு. வருஷத்துக்குக் கால் பங்கா கொறைச்சுட்டு வாங்க, மண்ணு பழகிக்கும்.

கேள்வி (கோபாலபுரம்): சோலார் பம்பு போட்டா கார்பன் கொறையுமா?

பதில்: கொறையும். 5 ஹெச்பி மோட்டாரு ஆறு மணி நேரம் ஓடினா சுமார் 22 யூனிட், நம்ம நாட்டுக் கரன்ட்டுல யூனிட்டுக்கு 700 கிராமுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு, ஆக ஒரு நாளைக்கு 15, 16 கிலோ. 2019-ல ஆரம்பிச்ச பிஎம் குசும் திட்டத்துல சோலார் பம்புக்கு மானியம் குடுத்தாங்க, இப்ப கெடைக்குமான்னு ஆபீஸ்ல கேட்டுக்குங்க. ஆனா வெயிலு ஓசின்னு பொழுதுக்கும் எறைச்சு போர்வெல்ல வத்த வெச்சுடாதீங்க.

கேள்வி (வடகரப்பதி): கார்பன் கிரெடிட் கம்பெனின்னு ரெண்டு பேரு வந்தாங்க. வயலக் காயப் போட்டா, மரம் வெச்சா, உழாம விட்டா டன்னுக்கு இவ்வளவு காசுன்னாங்க. இருபது வருஷ அக்ரிமென்ட்டு, இங்கிலீஷ்ல இருக்கு. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்பப் போடாதீங்க. கொறைச்ச புகையையோ மண்ணுலயும் மரத்துலயும் சேத்த கார்பனையோ டன் கணக்குல சான்றாக்கி, புகை விடற கம்பெனிங்களுக்கு விக்கறதுதான் கார்பன் கிரெடிட். காசு நெஜமா வர்ற எடமும் இருக்கு, நான் இல்லைங்கல, ஆனா என்ன விக்கறோம்னு தெரிஞ்சுட்டு விக்கணும்.

ஒரு ஏக்கர்ல மேல் மண்ணு ஆறு அங்குலத்துக்கு எடை போட்டா சுமார் 9 லட்சம் கிலோ. அதுல கரிமச்சத்து 0.1 சதவீதம் ஏறினா 900 கிலோ கார்பன், கார்பன் டை ஆக்சைடு கணக்குல 3.3 டன். 0.1 சதவீதம்னா சின்னதாத் தெரியும், ஆனா நம்ம வெயிலுக்கு எருவும் தழையும் விடாமப் போட்டாத்தான் பல வருஷத்துல அவ்வளவு ஏறும், நடுவுல நாலு ஆழ உழவு ஓட்டினா ஏறினது எறங்கியும் போயிடும். அப்ப அந்த 3.3 டன்ன இருபது வருஷம் காப்பாத்தற பொறுப்பு யாரோடது? கையெழுத்துப் போட்ட உங்களோடது. உங்க மகன் அந்த நெலத்துல வேற பயிர் வெக்கணும்னு நெனச்சா, பாகப்பிரிவினை நடந்தா, அக்ரிமென்ட்டு என்ன சொல்லுது? அளக்கறது யாரு, அளக்கற செலவு யாரு தலைல, அவங்க டன்ன என்ன வெலைக்கு விக்கறாங்கன்னு உங்களுக்குக் காட்டுவாங்களா? 2024-ல சீனாவுல நெல் வயல் மீத்தேன் கொறைச்சோம்னு பதிவு பண்ணின 37 திட்டத்த, கிரெடிட்ட அங்கீகரிக்கற வெர்ராங்கற அமைப்பே நிராகரிச்சுது, அவ்வளவு ஓட்டை இருக்கற வேலை இது. நம்ம நாட்டுல கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம்னு 2023-லதான் அரசாங்கம் அறிவிச்சிருக்கு.

அதுக்காகப் பொதுவா மரத்துக்குக் காசு குடுக்கறதே ஏமாத்துன்னு நெனச்சுடாதீங்க. வயநாட்டுல மீனங்காடி பஞ்சாயத்து 2016-ல கார்பன் சமநிலைக்கு வரணும்னு ஆரம்பிச்சு, மர வங்கின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, விவசாயி வெச்ச மரத்த அடமானமாக் காட்டி வட்டியில்லாக் கடன் வாங்கலாம், மரம் நிக்கற வரைக்கும் திருப்பவும் வேண்டாம். அதுல கையெழுத்து வாங்கறது கூப்பிடு தூரத்துல இருக்கற பஞ்சாயத்து, கேள்வி இருந்தா நேர்ல போய்க் கேக்கலாம். இருபது வருஷம் கழிச்சு இந்த ரெண்டு பேரத் தேடி எங்க போவீங்க?

மறுபடி வந்தா மொதல்ல அந்தப் பேப்பரத் தமிழ்லயோ மலையாளத்துலயோ கேளுங்க, தர மாட்டோம்னா பேச்சு அதோட முடிஞ்சுது. தந்தா பக்கத்துல ரெண்டு வயலுக்காரங்களையும் உக்கார வெச்சு சத்தமாப் படிங்க, கால்வாய்ல தண்ணி வராத வருஷத்துக்கு என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் ஒண்ணும் எழுதியிருக்க மாட்டாங்க. பேரும் சர்வே நம்பரும் மறைச்சு எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரோட உக்காந்து படிச்சிட்டு அடுத்த மாசம் இதே பக்கத்துல எழுதறேன்.